டிரெய்லர் வரிசையில் நின்ற குடங்கள்

பையும் பிள்ளையும்

அந்த டிராஃபிக் பாயிண்டில் எனக்கு அது முதல் நாள். நின்றுகொண்டிருந்த ஒரு கன்டெய்னர் டிரெய்லருக்கு அடியிலிருந்து ஒரு ஸ்கூல் பை வெளியே வந்து ரோட்டில் விழுந்தது. அதன் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தது. அதற்கும் பின்னால், குனிந்தபடி ஒரு பையன் வந்தான். மூன்றாம் வகுப்பு படிப்பான் போல. நிமிர்ந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து "குட் மார்னிங் மேடம்" என்றான்.

என் வாயில் விசில் இருந்தது. ஊத வரவில்லை.

நான் போக்குவரத்துப் போலீசில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் ஸ்டெல்லா. பிறந்து வளர்ந்தது ராயபுரம். கோபக்காரி என்று டிபார்ட்மென்டில் பெயர் உண்டு, அது பொய்யும் இல்லை. புதிதாக டிராஃபிக்குக்கு வரும் பெண் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கான்வாய்க்கு வழி விட்ட கதை, பெரிய மனிதர் காரை மடக்கிய கதை என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் எல்லாரிடமும் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது இந்தக் கதையை.

இடம், திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூர் பக்கம் போகிற கடற்கரைச் சாலை. கிழக்கே மீனவர் குப்பம். மேற்கே பள்ளிக்கூடங்கள். நடுவில் ரோடு. ரோட்டின் குப்பத்துப் பக்கத்தில், துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். துறைமுக கேட்டில் நெரிசலானால் அந்த வரிசை கண்ணுக்கு எட்டின தூரம் வரை போகும். மணிக்கணக்கில் நகராது. நகர்ந்தால் சட்டென்று நகரும். குப்பத்துத் தெருவின் வாசலில் வந்து நிற்கிற பிள்ளைக்கு ரோடே தெரியாது. இரும்புச் சுவர்தான் தெரியும்.

நான் அந்தப் பையனை விட்டுவிட்டு டிரைவரிடம் போனேன். இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். வியாசர்பாடி பாஷா பாய். அந்த வரிசையில் எல்லாருக்கும் மூத்தவர் என்று பிறகு தெரிந்தது.

"பாய், உங்க வண்டிக்கு அடியில ஒரு புள்ள பூந்து வருது. பாத்துக்கிட்டே கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"

"நானா பூந்து வரச் சொன்னேன் மேடம்?"

"முன்னாடி கொஞ்சம் கேப் விட்டு நிறுத்தக் கூடாதா?"

அவர் காலை இறக்கி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புச்சா வந்துகீறீங்க. கேப் வுட்டா எவனாவது மூக்க வுட்டு பூந்துடுவான். நான் காலைலேர்ந்து ஒரு டீ கூட குடிக்காம குந்திகினு கீறேன். இந்த லைன்ல கேப் வுட்றவன் பைத்தியக்காரன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வரிசையின் சட்டமே அதுதான். முன் வண்டியின் பம்பரும் பின் வண்டியின் மூக்கும் முட்டாத குறையாக நிற்கும். அதனால் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் போக முடியாது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே, பெட்டிக்கு அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடம் இருக்கும். அதுதான் அவர்களுக்கு வழி.

பையன் பெயர் தினேஷ். மறுநாள் அவனைப் பிடித்து வைத்துக் கேட்டேன். அவன் கொஞ்சமும் பயப்படாமல் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். "டிரைவர் அண்ணன் காலு மேல தெரியணும் மேடம். முன் கண்ணாடில தெரிஞ்சா வண்டி இப்ப எடுக்க மாட்டாருன்னு அர்த்தம். அப்பால, புஸ்ஸுன்னு காத்து சத்தம் வந்தா போவக் கூடாது. பிரேக்க எடுக்குறாங்கன்னு அர்த்தம்."

"யார்றா சொல்லிக் குடுத்தது?"

"எல்லாத்துக்கும் தெரியும் மேடம்."

அவனுடைய அக்கா மோனிஷா பதினொன்றாம் வகுப்பு. அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அவளிடம் இருந்தது. சைக்கிளை டிரெய்லருக்கு அடியில் தள்ளிக்கொண்டு வர முடியாதே. அதனால் தம்பியைத் தெரு வாசலில் இறக்கிவிட்டு, அவன் அடியில் பூந்து போனதைப் பார்த்த பிறகு, வரிசைக்கும் கடைகளுக்கும் இடையில் இருந்த இடுக்கில் ராங் சைடில் மிதித்து, வெகு தூரம் தள்ளி வரிசை உடைகிற இடத்தில் சுற்றி, எதிர்ப்பக்கம் திரும்பி வருவாள். அங்கே தம்பி நிற்பான். கேரியரில் ஏற்றிக்கொண்டு போவாள். அவன் பிடித்துக்கொள்ள சீட்டுக்குப் பின்னால் பழைய மீன் வலைத் துண்டை முறுக்கிக் கட்டியிருந்தாள்.

மைக் செட்

ஆடி மாதம் வந்தது. குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். தெரு வாசல் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, விடிந்ததிலிருந்து பாட்டு போட்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். என் வயர்லெஸ் கத்துவது எனக்கே கேட்கவில்லை.

தினேஷ் தன் வழக்கப்படி பார்த்தான். டிரைவர் கால் மேலே தெரிந்தது. குனிந்து உள்ளே போனான். அந்த நேரம் பார்த்து முன்னால் வரிசை நகர்ந்தது. டிரைவர் காலை இறக்கினார், பிரேக்கை எடுத்தார். புஸ் என்ற சத்தம் வந்திருக்கும். மைக் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கால் கண்ணாடியிலிருந்து மறைந்ததை மோனிஷா பார்த்துவிட்டாள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, படுத்து, தம்பியின் காலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வந்துவிட்டான். முதுகில் ஒற்றைத் தோளில் தொங்கிய பை நழுவி உள்ளேயே போய்விட்டது. நான் வரிசைக்கு மறுபக்கம் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பின் சக்கரம் ஒரு ஸ்கூல் பையின் மேல் ஏறி இறங்கியதுதான். பையை மட்டும் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தை நான் யாருக்கும் சொல்லிக் காட்ட முடியாது.

டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போதெல்லாம் வண்டியில் கிளீனர் கிடையாது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தவருக்கு இடது பக்கம் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. நான் ஓடிப்போய் கதவைத் தட்டிச் சொன்னபோது அந்த மனிதர் இறங்கிவந்து ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். திட்ட வாய் எடுத்த நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பிள்ளைகளின் அம்மா தேசம்மா மீன் கூடையோடு வந்தார். அவர் புருஷன் விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் திரும்பப் பல நாள் ஆகும். தேசம்மா விடியும் முன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று வருபவர். தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவதும் கொண்டுபோய் விடுவதும் மோனிஷாதான்.

தேசம்மா மகனை ஒருமுறை தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பிறகு தட்டையாகிப்போன டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார்.

"நாளைலேர்ந்து இவன நானே கைய புட்ச்சி இட்டுகினு போறேன். மீனு எடுக்க மோனிஷா போவட்டும்" என்றார்.

"அவ பதினொண்ணாவது படிக்கிறா தேசம்மா."

"எம்பொண்ணு எத்தினாவது படிக்கிதுன்னு எனக்குத் தெரியாதா மேடம்? யாருனா ஒருத்தர் மீனுக்குப் போவணும், ஒருத்தர் இவனோட போவணும். எனக்கு இருக்குறது ரெண்டு கை. நீ வேற வயி வச்சிகினு கீறியா? இருந்தா சொல்லு, கேக்குறேன்."

என்னிடம் வழி இல்லை. மோனிஷா கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி ஹேண்டில்பாரை நேராக்கிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது காதில் விழுந்திருக்கும். நிமிரவில்லை. ஹேண்டில் நேரான பிறகும் அதையே திருகிக்கொண்டிருந்தாள்.

கோடு

மறுநாளிலிருந்து மோனிஷா காசிமேட்டுக்குப் போனாள். அவளுடைய டீச்சரைப் பார்த்துப் பேசினேன். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், அதற்கு மேல் வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்றார். எனக்கு ராத்திரியில் சோறு இறங்கவில்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். என் அக்கா பிள்ளைகளுக்காகக் கூட அப்படிக் கவலைப்பட்டதில்லை.

எங்கள் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "தெரு வாசல்ல எல்லோ பாக்ஸ் போட்டுடலாம். அதுல எந்த வண்டியும் நிக்கக் கூடாது. ரெண்டு பேரிகேடு தர்றேன். டிரைவருங்கள உங்களால பேசி ஒத்துக்க வைக்க முடியுமா ஸ்டெல்லா?"

டீக்கடையில் பாஷா பாயைப் பிடித்தேன். நாலைந்து டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அந்தப் பை நசுங்கின கதை அதற்குள் வரிசை முழுக்கப் போயிருந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பாய் மட்டும் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "நாங்க வுட்ருவோம் மேடம். ஆனா ஒண்ணு, கேப்புன்னா அது ரோடு. புள்ளைங்களுக்குன்னு வுட்டா அதுல புள்ளைங்க மட்டும்தான் வரும்னு நெனைக்காதீங்க."

மஞ்சள் கட்டம் போட்டார்கள். இரண்டு நாள் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரெய்லர்கள் கட்டத்துக்கு முன்னால் நின்றன. பிள்ளைகள் நிமிர்ந்து நடந்து போனார்கள். மூன்றாம் நாள் பாய் சொன்னது நடந்தது. சுற்றிப் போக வேண்டிய டூவீலர்களெல்லாம் அந்தக் கட்டத்தில் திரும்பின. ஷேர் ஆட்டோ திரும்பியது. மீன் ஐஸ் ஏற்றிய குட்டி யானை வேன் திரும்பியது. முன்பாவது பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வந்தார்கள். இப்போது அது தங்கள் வழி என்று நம்பி விளையாடிக்கொண்டே வந்தார்கள். நான் கையை விரித்து நின்றால் என் கைக்கு அடியிலேயே ஒருவன் பைக்கை விட்டுக்கொண்டு போனான்.

பேரிகேடு இருந்தது. ஆனால் பந்தோபஸ்து என்றால் முதலில் கிளம்புவது பேரிகேடுதான். ஒரு கூட்டத்துக்கென்று வேனில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தது ஒன்று, அதற்கும் ஒரு கால் இல்லை.

தேசம்மா தினமும் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் வியர்த்து விறுவிறுத்து நாலு பக்கமும் விசில் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டே கேட்டேன், மோனிஷாவை அனுப்புங்கள் என்று. "நீ இங்க ஆடுற ஆட்டத்த பாத்தா எனக்கே பேஜாரா கீது மேடம். இதுல மோனிஷாவ வேற இறக்கணுமா?" என்றார்.

தண்ணி லாரி

அந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி லாரி வரும். உள்ளே போய் ஒரு திருப்பத்தில் நிற்கும். பெண்கள் அதற்கு முன்பே குடங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குடத்தை வைத்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது. நீங்கள் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம், பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு வரலாம். குடம் உங்களுக்காக நிற்கும். இன்னொருவர் குடத்தை நகர்த்துகிற ஆளை அந்தத் தெருவே சேர்ந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். என்ன வேண்டுமானாலும் திருடுவார்கள், குடத்தின் இடத்தைத் திருட மாட்டார்கள்.

அன்று தெருவுக்குள் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் லாரி உள்ளே போகவில்லை. தெரு வாசலிலேயே, என் மஞ்சள் கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நான் சத்தம் போடப் போனேன். அதற்குள் பெண்கள் குடங்களோடு வந்துவிட்டார்கள். லாரி பாதிப் பேருக்கு ஊற்றிவிட்டு, இன்னொரு லோடு கொண்டுவருவதாகச் சொல்லிக் கிளம்பியது. மீதிக் குடங்கள் அப்படியே நின்றன. கட்டத்தின் இரண்டு ஓரத்திலும், பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக.

வடக்கிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வழக்கம்போலக் கட்டத்துக்குள் திரும்ப வந்தது. குடங்களைப் பார்த்ததும் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார், ரிவர்ஸ் எடுத்தார், போய்விட்டார். ஹாரன் கூட அடிக்கவில்லை. பின்னால் வந்த பைக்குகளும் அப்படியே. என் விசிலுக்கும் யூனிஃபார்முக்கும் நிற்காதவர்கள்.

அதே நேரம் முன்னால் வரிசை நகர்ந்தது. கட்டத்தை ஒட்டி நின்றது பாஷா பாய் வண்டி. அவர் நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரனை அமுக்கி, தலையை வெளியே நீட்டிக் கத்தினான். பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"குடம் நிக்கிது பா. கண்ணு தெரில?"

பின்னால் இருந்தவன் ஹாரனை விட்டுவிட்டான்.

பிள்ளைகள் குடங்களுக்கு நடுவே நடந்து போனார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை, அவசரப்படுத்தவில்லை. தினேஷ் ஒவ்வொரு குடத்தையும் விரலால் தட்டிக்கொண்டே போனான். மகன் கையைப் பிடித்திருந்த தேசம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"தேசம்மா, நாளைக்குத் தண்ணி வராதுல்ல?"

"வராது."

"நாளைக்கும் குடம் வைக்கலாமா?"

"தண்ணி வராத நாள்ல குடம் வச்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே."

"சிரிக்கட்டும்" என்றார் தேசம்மாவும். ஆனால் மோனிஷாவைப் பற்றிக் கேட்டபோது மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "ஒயுங்கா நிக்கிதான்னு பாக்கணும் மேடம். கோடு போட்டப்பவும் ரெண்டு நாளு நல்லாதான் இருந்திச்சி."

உப்புத் தண்ணி

மறுநாள் வீட்டுக்கு ஒன்றாகக் குடம் வந்தது. முதல் காரியமாக எல்லாரும் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணினோம். எங்களைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்க முடியாது. தண்ணி லாரிக்கு வைக்கிற பழக்கத்திலேயே காலிக் குடங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அங்கே தெருவுக்குள் வீடுகளின் மறைவு உண்டு. இங்கே கடல் காற்று நேராக வருகிறது; முந்தின நாள் காற்று அடங்கியிருந்ததால் தெரியவில்லை. ஒரு வீச்சு அடித்ததும் அத்தனை பிளாஸ்டிக் குடமும் உருண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் துரத்த, நான் எண்ணூர் பக்கம் போகும் பஸ்ஸை மறித்து நிற்க, டிரைவர்கள் இறங்கிவந்து ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக் கொடுக்க, அரை மணி நேரம் அந்த ரோட்டில் திருவிழாதான். பாஷா பாய் இரண்டு குடத்தை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்தார். "மேடம், இன்னா வேலயெல்லாம் வாங்குறீங்க" என்றார்.

தண்ணீர் நிரப்பி வைக்கலாம் என்றேன். பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நல்ல தண்ணீரை ரோட்டில் கொண்டுவந்து நிற்க வைக்க அந்தத் தெருவில் யாருக்கும் மனசு வராது. வரவும் கூடாது. தேசம்மாதான் கடல் பக்கம் கையைக் காட்டினார். "அது சும்மாதானே கீது."

அன்றிலிருந்து கடல் தண்ணீர். கரைக்கு வரும் ஃபைபர் படகுக்காரர்களே மொண்டு கொண்டுவந்து வைத்தார்கள். விஷயம் தெரியாத வெளியூர் டிரைவர் ஒருவர் தாகத்தில் ஒரு குடத்தைச் சாய்த்து வாயில் ஊற்றிக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்ற முகத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. டீக்கடைக்காரர் அவருக்கு நல்ல தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார். அவர் போகும்போது சாய்த்த குடத்தைத் தானே நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

காலையில் பள்ளி நேரத்துக்கு வைப்பார்கள், மணி அடித்ததும் எடுப்பார்கள். மாலையிலும் அப்படியே. யாருடைய குடம் என்று தெரிய நகப் பூச்சால் பெயர் எழுதியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, "இதை மேல என்னன்னு ரிப்போர்ட் பண்றது ஸ்டெல்லா?" என்று கேட்டார். "பண்ண வேண்டாம் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தேசம்மா மட்டும் அசையவில்லை. தினமும் தன் குடத்தை முதல் ஆளாக வைப்பார், மகனைக் கூட்டிப் போய் விட்டு வருவார். மோனிஷா காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கும்போது பள்ளி மணி அடித்திருக்கும். நேரமாகி யூனிஃபார்மில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்காமல், கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவாள். ஒருநாள் என்னருகில் நின்று மெதுவாகச் சொன்னாள். "மேடம், நான் ஒரு நாளும் அவன் அந்தாண்ட போய்ட்டானான்னு பாக்காம சைக்கிள் ஏறுனதில்ல."

"தெரியும்மா."

"அம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். தேசம்மாவுக்கும் தெரியும். அவருக்குப் பயம் மகள் மேல் இல்லை, ரோட்டின் மேல்.

போனது குடம்

அன்று கப்பலுக்கு கட் ஆஃப். குறித்த நேரத்துக்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் வரிசை வெறி பிடித்ததுபோல் இருக்கும். வெளியூர் வண்டிகள் நிறைய. பாஷா பாய் வேறு லோடில் போயிருந்தார். கட்டத்துக்கு முன்னால் வந்து நின்றது சின்ன வயது டிரைவர், புது ஆள்.

பிள்ளைகள் தெரு வாசலில் கூடியிருந்தார்கள். தேசம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். நான் இன்னும் கை காட்டவில்லை. முன்னால் வரிசை நகர்ந்தது. எங்கே நடுவில் யாராவது பூந்துவிடுவார்களோ என்று அந்த டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

முதல் குடம் வெடித்தது. பட்டாசு போல ஒரு சத்தம், வண்டி ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர் வழிந்தது, திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர் முகத்திலும் அடித்தது. அந்த அதிர்ச்சியிலேயே பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி இரண்டாவது குடத்தைத் தொட்டு நின்றது. பிள்ளைகள் நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் இன்னும் மற்ற குடங்களெல்லாம் அசையாமல் இருந்தன.

பக்கத்து வண்டி டிரைவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். "டேய், குடத்து மேலயே ஏத்துறியா" என்று அந்தப் பையனைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது. நான் குறுக்கே போய் விலக்கிவிட்டேன். இனி தேசம்மா மகளை அனுப்பவே மாட்டார், மற்ற பெண்களும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நசுங்கியது தேசம்மாவின் குடம். பச்சை பிளாஸ்டிக்கில் பாதிப் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் மகன் கையை விடாமலே நடந்து வந்து, அந்தத் துண்டைக் குனிந்து எடுத்தார். ஆடி மாதம் டிபன் பாக்ஸை எடுத்த மாதிரியே இருந்தது எனக்கு. வண்டியைப் பார்த்தார். அது நின்ற இடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"போனது குடந்தானே மேடம்" என்றார்.

பிறகு அந்த டிரைவரிடம் திரும்பினார். "பயப்படாத நைனா. தண்ணி குடி. இனிமே குடத்த கண்டா நில்லு, இன்னா?"

அவர் தலையை ஆட்டினார். அழுதுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், முகம் முழுக்க ஏற்கெனவே தண்ணீராக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

பாடம் என்று ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், டிராஃபிக்குக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். ஒரு பாயிண்டுக்குப் போட்டால் முதல் நாளே கோடு எங்கே போடலாம், பேரிகேடு எங்கே வைக்கலாம் என்று பார்க்காதீர்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால், அந்த இடத்து மனிதர்கள் எதைத் தொட மாட்டார்கள் என்று பாருங்கள். எனக்கு அது தெரிய வேண்டிய ஊரில்தான் நான் பிறந்தேன். நானே சின்ன வயதில் குடம் வைத்து இடம் பிடித்தவள். ஆனாலும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை. குடங்கள் வரிசையாக நின்றன, தேசம்மாவின் குடம் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்த இடத்தில் வேறு யாரும் தங்கள் குடத்தை நகர்த்தி வைக்கவில்லை. தேசம்மாவைக் காணோம். அந்நேரம் அவர் காசிமேட்டில் ஏலத்தில் நின்றிருப்பார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

தெருவுக்குள்ளிருந்து சைக்கிள் மணி கேட்டது. மோனிஷா யூனிஃபார்மில் வந்தாள், இரட்டைப் பின்னலோடு. கேரியரில் தினேஷ். அவன் வலைக் கயிற்றைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு புதுக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். நகப் பூச்சு இன்னும் காயாததால் அவன் சட்டையிலெல்லாம் சிவப்பு. மோனிஷா இறங்கி, படகுக்காரர் ஒருவரிடம் உப்புத் தண்ணீர் வாங்கி நிரப்பி, காலியாக இருந்த இடத்தில் குடத்தை வைத்தாள். மற்ற குடங்களோடு நேராக இருக்கிறதா என்று ஒருமுறை தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு தம்பியைக் கேரியரில் உட்கார வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தாள்.

"குட் மார்னிங் மேடம்" என்றான் தினேஷ்.

நான் இரண்டு பக்கமும் கையை நீட்டி, விசிலை ஊதினேன்.